வராதவரைத் தேடும் இடம்

(மயிலாப்பூரில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1998-ம் ஆண்டு பொங்கலன்று தமிழ் இணையத்தில் ஒரு வேலை தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் தட்டெழுதி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும்படி வைப்பதுதான் அந்த வேலை. மதுரைத் திட்டம் என்று அதற்குப் பெயர். ஒருங்கிணைத்தவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் எழுத்துருவை உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தார். அந்த எழுத்துருவின் பெயர் மயிலை. திட்டத்தில் அவருக்குத் துணை நின்ற குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவில் இருந்தார். தட்டெழுதியவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் பல நாடுகளில் சிதறிக் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. பகலில் வேலைக்குப் போய்வந்து, இரவில் உட்கார்ந்து, சங்கப் பாடல்களையும் பக்தி இலக்கியங்களையும் எழுத்தெழுத்தாகத் தட்டினார்கள். ஒருவர் தட்டியதை இன்னொருவர் திருத்தினார்.

முன்பின் தெரியாத இவர்கள் எங்கே சேர்ந்தார்கள்? தமிழ்.நெட் என்ற மடற்குழுவில். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை நடத்திய குழு அது. கணினியில் தமிழ் எழுத்துகளுக்கு ஒரு பொதுத் தரம் வேண்டும் என்று பேசிப் பேசி, திஸ்கி என்ற குறியீட்டு முறையை உருவாக்கியதும் அங்கே கூடியவர்கள்தான். மாநாட்டுப் பந்தலோ அரசாணையோ இல்லாமல், மின்மடலிலேயே வாதாடி முடித்த காரியம் அது.

இன்று அதே மொழி பேசுகிறவர்கள் ஒரு திரைப்பட முன்னோட்டத்தின் கீழே, யாரென்றே தெரியாத ஒருவரின் தாயை இழுத்துத் திட்டுகிறார்கள். ஒரு பாடகர் ராகத்தைச் சற்று மாற்றிப் பாடிவிட்டால் நூறு பேர் அவர் மேல் பாய்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் தமிழர்களின் குணம் கெட்டுவிட்டதா? அப்படிச் சொல்லிக் கைகழுவிவிடுவது எளிது. ஆனால் உண்மை அதுவல்ல.

தி.நகர் ரங்கநாதன் தெருவில், தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை நடப்பவர் நாலு பேரை இடித்துக்கொண்டுதான் நடப்பார். மன்னிப்புக் கேட்க நின்றால் பின்னால் வருகிறவர் தள்ளிவிடுவார். அதே மனிதர் மறுநாள் காலை மாட வீதியில் கீரை வாங்கும்போது, கீரைக்கார அம்மாவின் பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பார். ஆள் ஒருவர்தான், இடம்தான் வேறு.

ஒருவர் வராவிட்டால் அது இன்னொருவருக்குத் தெரிகிற இடத்தில் மனிதர்கள் கனிவாக இருக்கிறார்கள். வந்தாலும் போனாலும் யாருக்கும் தெரியாத இடத்தில் கனிவு காட்டக் காரணமே இல்லாமல் போகிறது. புதிய, சிறிய இணையக் குழுக்கள் இனிமையாக இருப்பதற்கும் பெரிய சமூக வலைத்தளங்கள் முரட்டுத்தனமாக இருப்பதற்கும் அடிப்படை இதுதான் என்பது இந்த உரையின் வாதம். தமிழ் இணையத்தின் முதல் இருபது ஆண்டுகளே இதற்குப் போதுமான சான்று தருகின்றன.

அந்தக் காலத்தில் இணையத்துக்குள் நுழைவதே ஒரு பாடு. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. மாணவர் கணக்கில் எழுத்து மட்டும் வரும், படம் வராது. மோடம் கீச்சிட்டு இணைப்புக் கிடைத்தால், அது துண்டிக்கப்படும்வரை வீட்டில் வேறு யாரும் போன் பேச முடியாது. இவ்வளவும் தாண்டி வந்து தமிழில் படிக்க நினைத்தால் அடுத்த பாடு காத்திருந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகள் கொட்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் எழுத்துருக் குறியீட்டுத் தரங்களையும் பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும், யூனிகோடு பரவும்வரை இந்தக் குழப்பம் தீரவில்லை.

ஆகவே புதிதாக வந்த ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்: "என் திரையில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, என்ன செய்வது?"

பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். எந்த எழுத்துருவை எங்கே இறக்குவது, விண்டோஸில் எந்தக் கோப்பறையில் போடுவது, உலாவியில் எந்தப் பட்டியலைத் திறந்து எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதுவார்கள். நேற்று வந்தவருக்குச் சொன்னதையே இன்று வந்தவருக்கும் சொல்வார்கள். ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத் தமிழர் சுரதா யாழ்வாணன், ஒரு எழுத்துருவில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றும் கருவிகளைச் செய்து இணையத்தில் வைத்தார். தமிழா என்ற குழுவினர் இ-கலப்பை என்ற தட்டச்சுச் செயலியைக் கொடுத்தார்கள். பின்னாளில் சென்னையிலிருந்தே நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் என்எச்எம் ரைட்டரைக் கொடுத்தது. எல்லாமே இலவசம்.

இந்தப் பாடுகளால் இரண்டு நன்மைகள் விளைந்தன. உள்ளே வர நிஜமாகவே விரும்பியவர்கள் மட்டும் வந்தார்கள் என்பது ஒன்று. வந்த ஒவ்வொருவரும் யாரோ ஒருவரின் உதவியால் வந்தார்கள் என்பது இன்னொன்று, அதுதான் பெரியதும்கூட. சென்ற மாதம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று தவித்தவர், இந்த மாதம் அதே கேள்வியோடு வந்து நிற்கும் வேறொருவருக்குப் பதில் எழுதுவார். உதவி வாங்குவதற்கும் உதவி செய்வதற்கும் இடையே முப்பது நாள்கூட ஆகாது. இடமே புதிதாக இருந்ததால் அங்கே பரம்பரைப் பெரியவர்கள் என்று யாரும் கிடையாது. யார் முன்னால் உட்காருவது என்ற சண்டைக்கு இன்னும் நாற்காலிகளே போடப்படவில்லை.

2001-க்குப் பிறகு யாஹூ குழுமங்கள் என்ற மடற்குழுச் சேவை தமிழர்களிடையே பரவியது. மலேசியாவிலிருந்து மருத்துவர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர், இலக்கிய ஆர்வலர்கள் கூடிய மரத்தடி, எழுத்தாளர் இரா. முருகன் மட்டுறுத்திய ராயர் காப்பி கிளப் என்று பல குழுக்கள் இருந்தன. ராயர் காப்பி கிளப் என்ற பெயரைக் கேட்டாலே மயிலாப்பூர்க்காரர்களுக்கு அருண்டேல் தெருப் பக்கத்து ராயர் மெஸ் நினைவுக்கு வந்துவிடும். கல்கியின் நாவலை நேசித்தவர்கள் பொன்னியின் செல்வன் என்ற பெயரிலேயே ஒரு குழு வைத்திருந்தார்கள். அவர்கள் மடல் எழுதுவதோடு நிற்கவில்லை. சோழர் காலக் கோயில்களைத் தேடிச் சேர்ந்து பயணம் போனார்கள். அந்த வட்டத்திலிருந்து கிளைத்த சில இளைஞர்கள் 2004-ல் வரலாறு டாட் காம் என்ற மின்னிதழைத் தொடங்கி, கல்வெட்டும் கட்டடக்கலையும் எழுதினார்கள்.

இந்தக் குழுக்களில் ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். மாலைக்குள் மூன்று கண்டங்களிலிருந்து வெண்பாக்கள் வந்து விழும். எங்காவது தளை தட்டினால், யாப்பு தெரிந்த மூத்தவர் ஒருவர் எந்தச் சீரில் தட்டுகிறது என்று காட்டி, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்றும் எழுதுவார். வாங்கிக்கொண்டவர் நன்றி சொல்லித் திருத்தி மறுபடி அனுப்புவார். அரசியலிலும் இலக்கியத்திலும் காரசாரமான சண்டைகளும் நடந்தன. கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் போகிறவர் சொல்லிவிட்டுப் போவார், நாலு பேர் சமாதானம் பேசிக் கூப்பிடுவார்கள். வழக்கமாக எழுதுகிறவர் ஒரு வாரம் எழுதாவிட்டால், "ஆளையே காணோமே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று தனிமடல் போகும்.

அந்தத் தனிமடலைத்தான் இன்றைய பெரிய தளங்கள் எதுவும் செய்து தர முடியவில்லை. ஒரு மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் ஃபேஸ்புக்கும் மின்னஞ்சல் அனுப்பும். உங்களுக்கு இத்தனை அறிவிப்புகள் காத்திருக்கின்றன என்று சொல்லும். ஆனால் அதை எழுதுவது நிரல். காணோமே என்று ஒரு மனிதருக்குத் தோன்றி வந்த மடல் அல்ல அது.

மனித மூளைக்கு ஒரு வரம்பு உண்டு என்று 1992-ல் எழுதினார் பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராபின் டன்பார். குரங்கினங்களின் மூளைப் புறணி அளவையும் அவற்றின் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, மனிதர் ஒருவர் நிலையாக உறவு வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் சுமார் 150 பேர் என்று அவர் கணக்கிட்டார். அதற்குள்ளும் அடுக்குகள் உண்டு. மிக நெருக்கமானவர் ஐந்து பேர், அடுத்து 15, அடுத்து 50. இந்த எண்ணை எல்லோரும் ஏற்கவில்லை. 2021-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், இந்த முறையில் ஒரு துல்லியமான எண்ணைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று வாதிட்டார்கள். எண் 150-ஆ, 300-ஆ என்பது நமக்கு முக்கியமில்லை. ஏதோ ஒரு வரம்பு இருக்கிறது என்பதை அனுபவத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த வரம்புக்குள் இருக்கும்வரை, எழுதுகிறவர் தமக்கு முன்னால் முகங்களை வைத்துக்கொண்டு எழுதுகிறார். அதைத் தாண்டினால் கூட்டத்தை நோக்கி எழுதுகிறார்.

இந்த மாற்றத்தைத் தமிழ் வலைப்பதிவுலகம் தன் கண் முன்னே பார்த்தது. 2003-ல் கைவிரல் விட்டு எண்ணும் அளவில் தொடங்கிய தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்ட, 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியை உருவாக்கினார். யார் புதிதாக எழுதினாலும் எல்லோருக்கும் உடனே தெரிந்தது. முதல் பதிவு போட்டவருக்கு வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்தார்கள். பதிவு வெளியானதும் முதலில் ஓடிவந்து "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று பின்னூட்டம் போடுவது ஒரு விளையாட்டு. நண்பர்கள் கூடி வரிசையாகப் பின்னூட்டம் போட்டு அரட்டை அடிப்பதற்குக் கும்மி என்று பெயர். வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராகத் தமிழ்மணம் முகப்பில் நிறுத்தியது. வலைச்சரம் என்ற கூட்டுப் பதிவில் வாரம் ஒருவர் ஆசிரியர் பொறுப்பேற்று, தம் எழுத்தை விட்டுவிட்டு மற்றவர்கள் எழுதியதை அறிமுகம் செய்தார். முறை வைத்து ஒவ்வொருவரும் மேடையேறினார்கள், முறை வைத்து ஒவ்வொருவரும் மற்றவரைப் பாராட்டினார்கள். நட்பு தானாக மலர்ந்ததாகத் தோன்றும். உண்மையில் யாரோ உட்கார்ந்து யோசித்துப் பாத்தி கட்டியிருந்தார்கள்.

அப்புறம் முகம் பார்க்கும் ஆசை வந்தது. மெரினாவில் காந்தி சிலை அருகே, தி.நகர் நடேசன் பூங்காவில் என்று பதிவர் சந்திப்புகள் நடந்தன. புனைபெயரில் எழுதியவர் நேரில் வந்து, "நான்தான் அவர்" என்று சொல்லும்போது எழும் சிரிப்பு அடுத்த நாள் பத்துப் பதிவுகளில் விவரிக்கப்படும். 2007 ஆகஸ்ட் 5-ம் தேதி சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. பழைய பதிவர்கள் கணினிகளின் பக்கத்தில் நின்று, புதியவர்களுக்குத் தமிழில் தட்டவும் பதிவு தொடங்கவும் கற்றுக் கொடுத்தார்கள். நேரில் பார்த்து, சேர்ந்து சுண்டல் தின்ற ஒருவரை மறுநாள் பின்னூட்டத்தில் கேவலமாகத் திட்டுவதற்குக் கை கூசும்.

ஆனால் பதிவர்கள் பெருகப் பெருக நிலைமை மாறியது. தமிழ்மணத்தில் சூடான இடுகைகள் என்ற பட்டியல் வந்ததும், அதில் இடம்பிடிக்கத் தலைப்பிலேயே வம்பு வைக்கும் பழக்கம் வந்தது. மற்றவர் பெயரில் போலியாகக் கணக்கு வைத்து ஆபாசப் பின்னூட்டம் போடுவது பெரிய தலைவலியானது. பின்னூட்டங்களை மட்டுறுத்தி வெளியிடும் பதிவுகளுக்குத்தான் தமிழ்மணத்தில் மறுமொழி நிலவரம் காட்டப்படும் என்று விதி கொண்டுவர வேண்டியிருந்தது. வீடு பெரிதானதும் வாசலில் ஆள் நிறுத்த வேண்டிய கட்டாயம் அது.

இதே கதை அமெரிக்காவில் அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்திருந்தது. யூஸ்நெட் என்ற பழைய உரையாடல் வலையில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரியில் சேர்ந்த புது மாணவர்கள் வருவார்கள். பழையவர்கள் ஒரு மாதம் பொறுமையாக அவர்களுக்கு நடைமுறை கற்றுக் கொடுப்பார்கள். அக்டோபரில் எல்லாம் அடங்கிவிடும். 1993-94-ல் ஏஓஎல் போன்ற நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்டன. கற்றுக் கொடுப்பவர்களைவிட வருகிறவர்கள் எப்போதும் அதிகமாக இருந்தார்கள். அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்று யூஸ்நெட்வாசிகள் வருந்தினார்கள். வந்தவர்களிடம் குற்றமில்லை. வரவேற்கும் கைகளுக்கும் வருகிற தலைகளுக்கும் இருந்த விகிதம் கெட்டுப்போனதுதான் காரணம்.

பெரிய தளங்கள் இந்த விகிதத்தைச் சரிசெய்ய முயலவே இல்லை. அவை வேறு பாதையில் போயின. ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் செய்தி ஓடையைக் கொண்டுவந்தது, 2009 பிப்ரவரியில் லைக் பொத்தானை வைத்தது. அதே 2009-ல் ட்விட்டர், அடுத்தவர் சொன்னதை ஒரே தட்டில் தன் கூட்டத்துக்கு எறியும் ரீட்வீட் பொத்தானைத் தந்தது. எதை யாருக்குக் காட்டுவது என்பதை இப்போது நிரல் முடிவு செய்கிறது. அதிகம் பேரை நிறுத்திவைக்கும் பதிவு மேலே வரும். எது மனிதர்களை நிறுத்திவைக்கும்? வில்லியம் பிரேடியும் உடன் ஆய்ந்தவர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்டுகளைப் பார்த்தார்கள். அறமும் ஆவேசமும் கலந்த ஒவ்வொரு சொல்லும் ஒரு ட்வீட் பரவுவதைச் சராசரியாக 20 சதவீதம் கூட்டியது. எழுத்துரு நிறுவுவது எப்படி என்று எண் போட்டு விளக்கும் மடலில் ஆவேசம் இருக்காது. ஆகவே அது மேலே வராது. உதவும் மனிதர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், நம் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நூறு பேர் இருக்கும் குழுவில் ஒருவர், "இந்த வருஷம் அவர் கச்சேரி சுமார்தான்" என்று எழுதினால், எழுதியவர் யார், அவருடைய ரசனை என்ன, அந்தப் பாடகரை எத்தனை வருஷமாகக் கேட்கிறார் என்று படிப்பவர்களுக்குத் தெரியும். அதே வரி பெரிய தளத்தில் போனால் பாடகரின் ரசிகர், அவருக்கு எதிரணி ரசிகர், இசையே பிடிக்காதவர், சபா என்றாலே சாதி என்று பார்ப்பவர் என எல்லோர் முன்னாலும் ஒரே நேரத்தில் போய் விழுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஆலிஸ் மார்விக்கும் டானா பாய்டும் 2011-ல் எழுதிய கட்டுரை இந்தக் குழப்பத்தைத்தான் ஆராய்ந்தது. வெவ்வேறு அவைகளுக்குரிய பேச்சு ஒரே அவையில் நொறுங்கிச் சேரும்போது, பேசுகிறவர் ஒன்று வாயை மூடிக்கொள்கிறார், அல்லது ஒரு கட்சியில் சேர்ந்து கத்துகிறார்.

கூட்டம் பெரிதாவதோடு ஒவ்வொருவரின் பங்கும் மாறிவிடுகிறது என்பதற்கு சென்னையின் மழை ஆர்வலர்கள் நல்ல உதாரணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவர்கள் கேஈஏ வெதர் என்ற வலைப்பதிவின் பின்னூட்டப் பகுதியில் கூடுவார்கள். வானிலைத் துறையின் நிலையங்கள் என்றால் பொதுமக்களுக்கு நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும்தான் தெரியும். ஆர்வலர்களோ தங்கள் பேட்டையில் என்ன நடக்கிறது என்று தாங்களே பார்த்துச் சொன்னார்கள். அடையாறில் தூறல், வேளச்சேரியில் கொட்டுகிறது, வடக்கே வானம் கறுக்கிறது என்று ஆளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ரேடார் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. அதற்குப் பிறகு மழை பற்றிய செய்திக்கு ஊரே காத்துக் கிடந்தது. தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜானின் ஃபேஸ்புக் பக்கத்தை இன்று லட்சக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள். மக்களுக்குப் பெரிய சேவை அது. ஆனால் அத்தனை பெரிய இடத்தில் கீழே வரும் கேள்விகள் "நாளைக்கு லீவா?" "எங்க ஏரியால எப்போ?" என்ற வகையில்தான் இருக்கும். சிறிய குழுவுக்கு ஒவ்வொருவரும் எதையாவது கொண்டுவந்தார். பெரிய பக்கத்துக்குப் பெரும்பாலோர் வாங்கிப் போக வருகிறார்கள். கொண்டுவந்தவர் வராவிட்டால் அவருடைய பேட்டையின் மழைக் கணக்கு விடுபட்டுப் போகும், ஆகவே தேடுவார்கள். வாங்கிப் போக வந்தவர் வராவிட்டால் எதுவும் குறையாது.

அதே வெள்ள நாட்களில் பெரிய தளங்களே வேறு மாதிரி நடந்துகொண்டதையும் சொல்லியாக வேண்டும். கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை வீடுகளில் தண்ணீர் ஏறியபோது, ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் படகு எங்கே, சாப்பாடு எங்கே, மாடியில் இடம் எங்கே என்ற செய்திகள் பறந்தன. தன்னார்வலர்கள் அவற்றைச் சேர்த்து, போன் போட்டுச் சரிபார்த்து, சென்னை ரெய்ன்ஸ் என்ற தளத்தில் பட்டியலிட்டார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள், தண்ணீர் தேங்கிய தெருவை யார் வேண்டுமானாலும் குறிக்கும்படி ஒரு வரைபடத்தைத் திறந்துவிட்டார்கள். பயனர் எண்ணிக்கை குறையவில்லை, பொத்தான்கள் மாறவில்லை. ஆனாலும் அந்தச் சில நாட்கள் முன்பின் தெரியாதவர்கள் கூடப்பிறந்தவர்களைப் போலப் பேசினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலை இருந்தது. ஒவ்வொரு செய்தியையும் யாரோ ஒருவர் பொறுப்போடு படித்தார். பெருங்கூட்டத்துக்குள்ளே பத்துப் பேர், இருபது பேர் கொண்ட வேலைக் குழுக்கள் தாமாகவே உருவாகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் அவையும் கலைந்தன.

வட்டத்தின் அளவை வேண்டுமென்றே கட்டுப்படுத்துவது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணியிலிருந்து எழுத்து இதழைத் தொடங்கியபோது, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். லட்சக்கணக்கில் விற்கும் வார இதழ்கள் கோலோச்சிய காலத்தில் அந்த அறிவிப்பு வந்தது. உண்மையில் இதழ் அந்த எண்ணைத் தொடவும் இல்லை. ஆனால் தமிழில் புதுக்கவிதை அந்தச் சிறு வட்டத்தில்தான் வேர் பிடித்தது. எழுதுகிறவரும் படிக்கிறவரும் மறுப்பவரும் ஒரே கூட்டத்தில் இருந்தார்கள். இந்த மாதம் வாசகர் கடிதம் எழுதியவர் அடுத்த மாதம் கட்டுரை எழுதினார்.

சிறியது எல்லாம் இனியது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. சிறிய வட்டத்தின் கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருக்கும். மயிலாப்பூருக்கு இது தெரியாத விஷயமல்ல. 2000-ம் ஆண்டில் வீட்டில் கணினியும் தொலைபேசியும் வைத்திருந்தவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால் போதும். ஒரே மாதிரிக் கல்லூரி, ஒரே மாதிரி வேலை, பல நேரம் ஒரே சாதி. எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசினார்கள் என்றால், வேறு அலைவரிசையில் பேசுகிறவர்கள் உள்ளேயே வரவில்லை என்பதும் அதற்குக் காரணம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் ஒரு பெரியவரின் தவறை வெளியே சொல்ல யாருக்கும் துணிவு வராது.

2018 அக்டோபரில், பாலியல் சீண்டலுக்கு எதிரான மீ டூ குரல் தமிழ்த் திரையுலகத்தையும் கர்நாடக இசையுலகத்தையும் எட்டியது. பல ஆண்டுகளாகச் சபாக்களின் சிறு வட்டங்களுக்குள் கிசுகிசுப்பாக மட்டுமே இருந்ததை, பெண்கள் பெரிய தளங்களில் எழுதினார்கள். மியூசிக் அகாடமி அந்த ஆண்டு மார்கழி விழாவிலிருந்து ஏழு கலைஞர்களை விலக்கியது. சிறு வட்டத்தின் சுமுகத்தைக் காப்பாற்ற எத்தனை பேர் எத்தனை காலம் வாய்மூடி இருந்திருப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்களை ஒன்றுசேர்த்ததும் ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும்தான். நீதி கேட்கப் பெரிய திடல் வேண்டும். அதை யாரும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் நாள் முழுக்கத் திடலிலேயே குடியிருக்க யாராலும் முடியாது.

கதவையும் திறந்து வைத்து, இனிமையையும் காப்பாற்ற வழி உண்டா? தமிழ் விக்கிப்பீடியாவைப் பார்க்கலாம். 2003-ல் தொடங்கிய அதன் ஆரம்ப காலத்தில் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதி அடித்தளம் போட்டார். இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் மாதந்தோறும் தொடர்ந்து எழுதுகிறவர்கள் சில நூறு பேர்தான். பொது விவகாரங்களைப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவரின் பேச்சுப் பக்கத்தில் "வாருங்கள்" என்று அவர் பெயரைச் சொல்லி ஒரு வரவேற்பு வைக்கப்படும். எங்கே தொடங்கலாம், யாரிடம் கேட்கலாம் என்ற குறிப்புகள் அதில் இருக்கும். அங்கேயும் பூசல் உண்டு. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். ஆனால் வாதம் முடிந்த பிறகும் மறுநாள் அதே கட்டுரையை அதே ஆட்கள்தான் சேர்ந்து திருத்தியாக வேண்டும். அந்தக் கட்டாயம் நாக்கைக் கட்டுப்படுத்துகிறது.

ஆகவே புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள், அது அடையாறில் ஒரு அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவாக இருந்தாலும், மார்கழிக் கச்சேரி ரசிகர் குழுவாக இருந்தாலும், சில காரியங்களை முதல் நாளிலேயே செய்யலாம். குழுவுக்குப் பேச்சு மட்டும் போதாது, ஒரு வேலை வேண்டும். தண்ணீர் லாரி வரும் நேரத்தைக் குறிப்பது, கேட்ட கச்சேரியின் உருப்படிகளைப் பட்டியலிடுவது, தெருவின் பழைய மரங்களைக் கணக்கெடுப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். புதிதாக வருகிறவரைப் பெயர் சொல்லி வரவேற்று, முதல் வாரத்திலேயே அவரிடம் சிறு பொறுப்பைக் கொடுக்க வேண்டும். வாசலில் ஒருவர் வேண்டும், மாதம் ஒருவராக அந்தப் பொறுப்பு மாற வேண்டும். வாட்ஸப் ஒரு குழுவில் 1,024 பேரைச் சேர்க்க விடுகிறது. அத்தனை இடமும் நிரம்பக் காத்திருக்காமல், முகங்கள் மறக்கத் தொடங்கும்போதே இரண்டாகப் பிரித்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ நடேசன் பூங்காவிலோ நேரில் கூட வேண்டும். நம்மைப் போல் இல்லாத ஒருவரையாவது தேடிப்போய் அழைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தச் சிறு குழுக்களெல்லாம் அடுத்தவர் நிலத்தில் போட்ட பந்தல்கள். ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. யாஹூ குழுமங்களின் பழைய மடல்கள் முதலில் நீக்கப்பட்டன, 2020 டிசம்பர் 15-ல் சேவையே நின்றது. ஒரு தலைமுறை தமிழில் முதன்முதலாக இணையத்தில் பேசிய பேச்சு, பாடிய வெண்பா, போட்ட சண்டை எல்லாம் நிறுவனத்தின் ஒரு முடிவில் போய்விட்டன. ஆனால் மடற்குழு என்பதால் ஒவ்வொரு மடலும் உறுப்பினர்களின் அஞ்சல் பெட்டிக்கும் போயிருக்கும். இந்த அவையில் இருப்பவர்களில் சிலர் அந்தக் குழுக்களில் எழுதியவர்களாக இருக்கக்கூடும். பரணில் கிடக்கும் பழைய கணினியிலோ, குறுந்தட்டிலோ, மறந்துபோன மின்னஞ்சல் கணக்கிலோ அவை இன்னும் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். எழுதிய நண்பர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். 1994-லிருந்து தமிழ் அச்சுச் செல்வத்தைக் காத்துவரும், இப்போது தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் இவற்றைச் சேர்த்து வைக்க முடியுமா என்று நாம் கூடிப் போய்க் கேட்கலாம். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். எந்தக் குழுவில், எந்த ஆண்டுகளில் இருந்தீர்கள், என்ன மிச்சம் இருக்கிறது என்று அதில் எழுதிவிட்டுப் போங்கள்.